மூடியில் ஒரு நம்பர், உள்ளே ஒரு நம்பர்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷட்டர், ஒரு மேஜை, பழைய பிரிண்டர்கள் அடுக்கிய இரும்பு அலமாரி, அவ்வளவுதான். ஏலக்காய் வியாபாரிகளும் எஸ்டேட் ஆபீஸ்காரர்களும்தான் முக்கால்வாசி வாடிக்கை. பொம்பளை ஸ்குரூ டிரைவர் பிடிக்கிறாளே என்று ஆரம்பத்தில் எட்டி நின்று வேடிக்கை பார்த்தவர்கள், இப்போது “வெரசா முடிச்சுக் குடும்மா, எனக்கு வேற சோலி கெடக்கு” என்று அதட்டும் அளவுக்குப் பழகிவிட்டார்கள். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

என் நாத்தனார் அப்படியே எனக்கு நேரெதிர். என் கணவரின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறாள். பி.காம். முடித்துவிட்டு, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிறாள். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் போய், சாயங்காலம் அதே ஜீப்பில் திரும்புவாள். ஆபீஸ் பேனாவைத் தெரியாமல் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டால் ராத்திரி முழுக்க அதைப் பற்றியே பேசுவாள். “ஒரு பேனாவுக்கு இம்புட்டு கவலையா?” என்று நான் கேலி செய்தால், “அது அவுக பேனா மதினி” என்பாள். அப்படிப்பட்டவள்தான் போன வருஷம் மழைக்காலம் முடியும் சமயத்தில், வேலை நேரத்தில் எனக்குப் போன் போட்டாள்.

“மதினி, மொதலாளி என்னையத் திருடின்னு சொல்லிட்டாரு.”

அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மழையில் ஆபீஸ் லேப்டாப்பில் இரண்டு மூன்று எழுத்துகள் அமுங்காமல் போயிருந்தன. கேரண்டி இருக்கிறதே என்று முதலாளி அதை வாங்கின கடைக்கே கொடுத்தனுப்பினார். கடைக்காரர்கள் அதைக் கவிழ்த்துப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த சீரியல் நம்பரைப் பில்லோடு ஒத்துப் பார்த்துவிட்டு, “இது நாங்க வித்த மெஷின் இல்லை” என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்று காலை தோட்டத்தில் ஆள் கணக்கு எடுக்கிற இடத்தில், கூலியாட்கள் எல்லோரும் கூடை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, முதலாளி லேப்டாப்பைக் கவிழ்த்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவளைக் கேட்டிருக்கிறார்: “புதுச எங்க வித்த? இந்த ஓட்டை மெஷின எங்க பொறுக்குன?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. தோட்டத்து முதலாளிகள் எல்லோரும் ஏலக்காய் ஏலம் விடும் மையத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறவர்கள். இந்தப் பிள்ளைக்குக் கை நீளம் என்று ஒருவர் டீ குடித்துக்கொண்டே சொன்னால் போதும், கம்பம் வரைக்கும் எந்த ஆபீஸிலும் அவளை உள்ளே விட மாட்டார்கள். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். கல்யாணப் பேச்சை எடுத்தால்கூட, “வேலைய விடச் சொல்லாத எடமா பாருங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள்.

“அழுகாத. பில்ல போட்டோ எடுத்து அனுப்பு. அந்த மெஷின் இப்ப எங்க இருக்கு?” என்றேன்.

“எம் மேசையிலதான் தூக்கி வீசிட்டுப் போனாரு.”

விஷயம் என்னவென்றால், அடியில் இருக்கும் ஸ்டிக்கர் வெறும் பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிய காகிதம். அது கிழியலாம், அழியலாம். ஆனால் மெஷினைத் தயாரிக்கும்போதே அதே நம்பரை உள்ளே மதர்போர்டிலும் பதிந்து வைத்துவிடுவார்கள். அதைச் சாமானியத்தில் மாற்ற முடியாது. மெஷினைத் திறக்கவும் வேண்டாம், கவிழ்க்கவும் வேண்டாம். கறுப்புத் திரை ஒன்றைக் கொண்டுவந்து ஒரே ஒரு வரி அடித்தால், தன் நம்பரைத் தானே சொல்லிவிடும். கடைக்கு வரும் லேப்டாப்களில் பாதிக்கு மேல் ஸ்டிக்கர் தேய்ந்துதான் இருக்கும். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிடுகிறார்கள். அதனால் எனக்கு அந்த வரி கை போன போக்கில் வரும்.

போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். விண்டோஸ் பட்டனை அமுக்கு, சி எம் டி என்று அடி, எண்டர் தட்டு. கறுப்பாக ஒரு கட்டம் வந்ததா? அதில் நான் சொல்கிறபடி அடி:

wmic bios get serialnumber

மலை மேல் சிக்னல் கேரளாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவில் ஊஞ்சல் ஆடும். பாதி வரி சொல்லும்போது லைன் அறுந்தது. மறுபடி கூப்பிட்டால் கேரளத்துக் குரல் ஒன்று மலையாளத்தில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டது. போதாக்குறைக்கு, அமுங்காத எழுத்துகளில் எஸ்ஸும் ஒன்று. அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து அடித்திருக்கிறாள். கடைசியில் வந்த நம்பரை ஓர் எழுத்து விடாமல் வாசித்தாள். நான் பில் போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு கேட்டேன். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பில்லில் இருந்த அதே நம்பர்.

“ஏத்தா, அது உங்க மெஷினேதான்! போயி மொதலாளிகிட்டக் காட்டு” என்று கத்தினேன். பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் வந்தது. இந்த முறை அவள் அழவில்லை. குரலே இல்லாமல் பேசினாள். “நம்பல மதினி. ‘ஒன் மதினி கம்ப்யூட்டர்காரி, அவ சொல்லிக் குடுத்தா நீ அடிச்ச, அடிச்சா அடிச்சதுதான வரும்’ங்கறாரு. அச்சடிச்சு ஒட்டுனதுதான் நம்பராம்.”

மறுநாள் ஷட்டரைத் திறக்கவில்லை. அவள் போகும் ஜீப்பிலேயே நானும் ஏறினேன். உள்ளே கூலிக்குப் போகும் பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாக இவளை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொள்ளாத குறையாகப் பேசுகிறவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகளில் ஏற ஏற, ஜீப்புக்குள் தூக்குச்சட்டிகள் உரசுகிற சத்தம்தான் கேட்டது. இவள் வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

முதலாளி போடிக்காரர்தான். என் கடையில் பிரிண்டருக்கு மை வாங்கியிருக்கிறார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதை இறக்கி வைக்கத் தெரியாதவர். என்னைப் பார்த்ததும், “வாம்மா, நாத்தனாருக்கு வக்காலத்தா?” என்றார்.

“நான் மெஷினத் தொட மாட்டேண்ணே. அவளும் தொட மாட்டா. நீங்களே அடிங்க” என்றேன். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் ஓரமாகப் போய் நின்றேன்.

அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். முதல் தடவை நடுவில் இடைவெளி விடவில்லை. இந்த வரி தெரியாது என்று மெஷின் சொல்லிவிட்டது. “பாத்தியா?” என்றார். வார்த்தைக்கு வார்த்தை இடம் விடுங்கள் என்றேன். மறுபடி அடித்தார். எஸ்ஸை அழுத்த வேண்டிய இடத்தில் மேஜையே ஆடியது. நம்பர் வந்தது. பில்லை எடுத்துப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுக்கொண்டு போனார். கடைசி எழுத்துக்கு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பிறகு லேப்டாப்பைக் கவிழ்த்தார். “அப்ப இது யாரு நம்பரு?”

நியாயமான கேள்வி. மெஷினை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மூடியின் ஸ்குரூக்களில் ஒன்று மட்டும் மற்றதைப் போல இல்லை. மருந்தடிக்கும் மோட்டாரில் போடுகிற மாதிரி தலை பெருத்த ஸ்குரூ, பாதிதான் உள்ளே இறங்கியிருந்தது. அவர் சரி என்று தலையாட்டவும் கழற்றினேன். மூடியைத் தூக்கியதும் குப்பென்று ஏலக்காய் வாசனை. விசிறி ஓரத்தில் பச்சைத் தோல் துகளும், காயோடு ஒட்டியிருக்கும் காய்ந்த பூவிதழ்த் தூசியும் அடைந்து கிடந்தன. எத்தனையோ லேப்டாப் திறந்திருக்கிறேன். கரப்பான், பல்லி முட்டை, வடைத் துணுக்கு எல்லாம் பார்த்தாயிற்று. இது புதுசு.

“இதைத் தொறந்தது யாரு?” என்று கேட்டேன்.

முதலாளியும் என் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிமிஷம் அவர்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பிறகு அவள்தான் மெதுவாகச் சொன்னாள்: “ஸ்டோர்க்காரண்ணனக் கேட்டுப் பாக்கலாமா?”

ஸ்டோர் என்றால் அங்கே பச்சை ஏலக்காயை உலர்த்தும் கட்டடம். தட்டுத் தட்டாகப் பரப்பி, விறகுச் சூட்டில் வைத்து மூடிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ராசிங்காபுரத்துக்காரர். மலையிலேயே கிடந்து பாதிப் பேச்சு மலையாளமாகிவிட்டது. கூப்பிட்டதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார்.

“ஆமா, நான்தான் தொறந்தேன்” என்றார், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. “அன்னைக்குக் காத்தும் மழையும் அடிச்சுச்சுல்ல, ஆபீசு ஓடு பிரிஞ்சு மேசையெல்லாம் வெள்ளம். கணக்குப் பாப்பா காய்ச்சல்னு வரல. மூடியோட வச்சா ஈரம் எப்பிடிப் போகும்? கழத்திட்டுத் தட்டுல வச்சு ஒணக்குனேன். காய் வக்கிற சூட்டுல இல்ல மொதலாளி, ஓரத்துல, கை தாங்குற சூட்டுலதான். சாரோட மெஷினும் நனைஞ்சுதான் வந்துச்சு. ரெண்டையும் ஒண்ணாத்தான் ஒணக்குனேன்.”

“எந்தச் சாரு?”

முதலாளியின் மச்சினன். பக்கத்துத் தோட்டம் அவருடையது. அவருக்கு ஸ்டோர் கிடையாது. அவர் காயும் இங்கேதான் உலர்த்த வரும். அன்று காயோடு காயாக லேப்டாப்பும் ஜீப்பில் வந்திருக்கிறது. முதலாளி வாங்கியதைப் பார்த்து அதே நிறத்தில் அதே மாடலைக் கொஞ்ச நாள் கழித்து வாங்கியவர் அவர். ஈர மெஷினை அரிசியில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஹேர் டிரையர் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏலக்காயோடு தட்டில் பரப்பி உலர்த்த இந்த மலையில்தான் தோன்றும். சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மச்சினன் பைக்கில் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். வைத்த உடனே முதலாளி அதைக் கவிழ்த்தார். அடியில் இருந்தது முதலாளியின் பில்லில் இருந்த நம்பர். அவர் முகம் மறுபடி மாறியது.

“இந்தா இருக்குல்ல எம் மெஷினு! அப்ப மாத்தித்தான் வச்சிருக்கு” என்று என் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காய்ச்சலில் வீட்டில் கிடந்தவள் எப்படி மாற்றியிருப்பாள் என்று அங்கே ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் கேட்டேன், சத்தமாகவே கேட்டேன்.

“அவ வரலைன்னா வேற யாரும் மாத்திருக்கலாம்ல” என்றார் மச்சினன், நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

“இதுலயும் அதே வரிய அடிங்க” என்றேன்.

முதலாளி அடித்தார். இந்த முறை இடைவெளி எல்லாம் சரியாக விட்டார். ஆனால் மச்சினனின் மெஷின் புதிதாக அப்டேட் ஆனது. அந்தப் பழைய கட்டளையையே அதிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். அப்படி ஒன்றே எனக்குத் தெரியாது என்று பதில் வந்தது. முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். அந்தச் சாய்வு எனக்குப் பிடிக்கவில்லை. வழி தெரியும், ஆனால் இப்போது நான் என்ன சொன்னாலும் அது இந்த அறையில் தந்திரமாகத்தான் தெரியும்.

“பவர்ஷெல்னு ஒண்ணு இருக்கு, அதத் தொறங்க. வரி கொஞ்சம் பெருசு. நான் இந்தத் தாள்ல எழுதித் தர்றேன், பாத்து அடிங்க.”

Get-CimInstance Win32_BIOS

அவர் தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். ஸ்டோர்க்காரர்கூட எட்டி நின்று பார்த்தார். எண்டர் தட்டியதும் நாலைந்து வரிகள் வந்தன. அதில் சீரியல் நம்பர் என்ற வரியை நான் காட்டவில்லை. மச்சினன்தான் விரல் வைத்தார். அந்த நம்பர், என் நாத்தனாரின் மேஜையில் கிடந்த லேப்டாப்பின் மூடியில் ஒட்டியிருந்த நம்பர்.

இரண்டு மெஷினும் அவரவர் இடத்திலேயேதான் இருந்திருக்கின்றன. மூடிகள் மட்டும் இடம் மாறியிருக்கின்றன.

“மூடி மாறுனா என்ன, ரெண்டும் ஒண்ணுதான?” என்றார் ஸ்டோர்க்காரர். “சரியாத்தான பொருந்துச்சு?”

மச்சினன் வாய்விட்டுச் சிரித்தார். அதைப் பார்த்து முதலாளியும் சிரித்தார். “ஏலக்காயோட சேத்து வாட்டிட்டயேய்யா! நல்லவேளை, எட போட்டு ஏலத்துக்கு அனுப்பாம விட்ட” என்று ஸ்டோர்க்காரர் தோளில் தட்டினார். டீ சொன்னார். எனக்குப் பிஸ்கட்டும் வந்தது. மூடிகளை மாற்றிப் போட்டு, அந்தத் தலை பெருத்த ஸ்குரூவுக்குப் பதில் என் பையிலிருந்து ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். “சரித்தா, போயி சோலியப் பாரு” என்று என் நாத்தனாரிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

அவள் போகவில்லை. என் வீட்டில் குரல் உயர்த்திப் பேசியே நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. “மொதலாளி, அத ஆளுக நிக்கிற எடத்துல வச்சுச் சொல்லிருங்க” என்றாள்.

“எத?”

“நான் எடுக்கலைங்கறத.”

“அட, அது தானாத் தெரிஞ்சுரும்த்தா. அதுக்கெல்லாம் ஒரு கூட்டம் போட்டுக்கிட்டா?” செருப்பை மாட்டிக்கொண்டு மச்சினனோடு வெளியே போய்விட்டார். அவர் அதை வெறுப்பில் சொல்லவில்லை. அவருக்கு அது உண்மையாகவே முடிந்துபோன விஷயம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சாயங்காலம் ஜீப் வருகிறவரை அங்கேயே இருந்தேன். ஹாரன் கேட்டதும் இருவரும் கேட்டை நோக்கி நடந்தோம். அவள் முன்னால் போனாள். கேட்டில் காவல்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் இவள் தோளிலிருந்த ஹேண்ட்பேக்கை இறக்கி, ஜிப்பை முழுசாகத் திறந்து, அவர் பார்க்கிற மாதிரி விரித்துப் பிடித்தாள். டிபன் பாக்ஸை எடுத்து மூடியைத் திறந்து காட்டினாள். குடையை விரித்து உதறினாள். காவல்காரர் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “போத்தா, வேணாம்த்தா” என்றார். “பாத்துருங்கண்ணே” என்று அப்படியே நின்றாள். அவர் பார்த்த பிறகுதான் ஜிப்பை மூடினாள்.

முந்தின நாள் சாயங்காலமே கேட்டில் இவள் பையைச் சோதித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. என்னிடம் சொல்லவே இல்லை. ஜீப்பில் ஏறியிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. திரும்பி ஆபீஸ் பக்கம் நடந்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏறுங்க மதினி. உக்கார எடம் போயிரும்.”

ஏறினேன். ஆனால் என் வாயை யாரால் கட்ட முடியும்? முதலாளி சொல்லாததை ஜீப்புக்குள் நான் சொன்னேன். இறக்கம் முழுக்கச் சொன்னேன். ஸ்டோர்க்காரர் லேப்டாப்பைத் தட்டில் பரப்பிய கதையைக் கேட்டு ஒரு அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அப்ப பாப்பா எடுக்கல” என்றார் இன்னொருவர். “எடுக்கல” என்றேன். முன் சீட்டில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றதும் முதலிலிருந்து மறுபடி சொன்னேன். என் நாத்தனார் அந்தச் சிரித்த அக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், இல்லை தூங்குகிற மாதிரி இருந்தாள்.

மறுநாள் காலை வழக்கம் போலக் கிளம்பினாள். ஹேண்ட்பேக் ஆணியில் தொங்கியது. அவள் கையில் ஜவுளிக்கடையில் சேலை போட்டுக் கொடுக்கும் பிளாஸ்டிக் கவர், ஊடே பார்த்தால் எல்லாம் தெரிகிற கவர். உள்ளே டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மடக்குக் குடை.

“பேக்கு என்னாச்சு?” என்றேன்.

“இதுன்னா வெளிய இருந்தே தெரியும்ல மதினி. தொறந்து காட்ட வேண்டியதில்ல.”

யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. அவள் போன பிறகு அடுப்படியில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். இப்போதும் அவள் அதே ஆபீஸில்தான் இருக்கிறாள். கவர் கிழிந்தால் அதே மாதிரி இன்னொன்று தேடி எடுத்துக்கொள்கிறாள். கேட்டில் இப்போது அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.